அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகும்?

கொஞ்சம் நீளமான பதிவு. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் தங்கை மகளுக்கு ஸ்கூட்டர் பார்க்க ஒரு கடைக்குத் துணைக்குப் போனேன். விற்பனையாளர் தம்பி ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், டிக்கியில் ஹெல்மெட் நுழையுமா, போனில் என்னென்ன தெரியும் எல்லாம் சொன்னார். "பேட்டரியில் உண்டாகிற சூடு எந்த வழியாக வெளியே போகும் தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் சார்" என்று சிரித்தார்.

விருத்தாசலத்துக்காரனுக்கு இந்தப் பதில் போதாது. நம் ஊர் பீங்கான் சூளையில் 1200 டிகிரிக்கு மேல் சூடு ஏற்றுகிறார்கள். ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் கவனம் அதிகம். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் சரக்கு விரிசல் விட்டுவிடும். சூட்டை அளக்காமல், அதற்கு வழி வைக்காமல் யாரும் சூளை கட்டுவதில்லை. ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம்?

ஜூல் விதி ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. வேகமாக சார்ஜ் ஏற்றும்போதும், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதும் அதுதான் நடக்கிறது. லித்தியம் அயான் செல்லுக்குப் பிடித்தது சுமார் 15 முதல் 35 டிகிரி வரை. நம் ஊர் சித்திரை வெயில் 40ஐத் தொடும்போது வண்டி நின்றுகொண்டிருந்தாலே பேட்டரி அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

செல்லுக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. பாலிஎத்திலீன் தாள் என்றால் 130 டிகிரி வாக்கில் உருகும். உருகினால் இரண்டு முனையும் உள்ளேயே ஷார்ட். அதன் சூடு பக்கத்துச் செல்லுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. இதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். இப்போது பல செல்களில் அந்தத் தாளின் மேல் அலுமினா பூசுகிறார்கள். ஆமாம், பீங்கான் தொழிலில் புழங்கும் அதே அலுமினாதான்!

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் பள்ளிக்கூடம் படிக்கும் மகளும் இறந்துபோனார்கள். வயரிங்கா, பேட்டரியா என்று அப்போது பேச்சு நடந்தது. எதுவானாலும் அந்தப் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்துப் பழகியவனுக்கு இந்த மாதிரிச் செய்தி லேசில் மனதைவிட்டுப் போகாது.

அந்த வருட விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் ஒரு பகுதி, 2023 மார்ச் கடைசியில் மறு பகுதி அமலுக்கு வந்தது. பெட்டிக்குள் வெப்ப உணரிகள் வேண்டும், ஒரு செல் கெட்டால் தீ வெளியே வரக்கூடாது, ஆபத்தை ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதை வாங்குபவருக்குச் சொல்ல யாரும் இல்லையே! கிலோமீட்டரைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், செல் எந்த வகை, எத்தனை டிகிரியில் சார்ஜ் தானாக நிற்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

வகை என்றதும் ஒன்று. இரும்பு பாஸ்பேட் செல் எடை கூடுதல், ஆனால் நிக்கல் செல்லைவிடச் சூட்டைத் தாங்கும். அந்த வகை வேதியியலுக்கு வழி திறந்த ஆய்வில், நோபல் பெற்ற குடினஃபுடன் பணியாற்றியவர் தென்தமிழகத்து அமராபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குடினஃபின் நோபல் உரையை அவர் சார்பில் வாசித்தவரும் இவரே. வேதியியலை வெறுத்த என் மாணவர்கள் கவனிக்கவும்.

பாதுகாப்பு மட்டுமில்லை, காசும்தான். பேட்டரிக்குத் தனிக் குளிர்விப்பு இல்லாத நிசான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் சீக்கிரமே திறன் இழப்பதாக 2012இல் புகார் எழுந்தது. அந்த வெயில் நமக்குப் புதிதா?

வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு வேண்டாம். பழைய பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுக்காதீர்கள். முக்கியமாக, வாசற்படியை மறித்தோ மாடிப்படி அடியிலோ இரவெல்லாம் சார்ஜ் வேண்டவே வேண்டாம். தீ என்றால் நாம் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான்.

தங்கை மகள் வேறு கடையில், கேட்டதற்குப் பதில் சொன்னவரிடம் வண்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறாள். வண்டி வருவதற்குள் முன் திண்ணைக்கு வெளியே எர்த்தோடு தனிப் பாயிண்ட் போட ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். நீங்கள் வண்டியை எங்கே வைத்து சார்ஜ் போடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படிப்பேன்.