நாணயத்துக்கு எம்.ஆர்.பி. கிடையாது

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன வெள்ளிக் காசு இருந்தால் மட்டுமாவது கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

போன வாரம் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ராஜபாளையத்தில் என்னிடம் படித்த தம்பி. இப்போது நூற்பாலையில் வேலை, பழைய நாணயம் சேர்க்கிறார். "சார், முகநூல் குரூப்ல ஒரு வியாபாரி விக்டோரியா ரூபாய்க்கு விலை சொல்லியிருக்கார். குறைச்சுக் கேட்டா தப்பா நினைப்பாரா?" என்றார். இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு சகோதரி. மாமியார் விட்டுப்போன பதினான்கு வெள்ளிக் காசுகள் கையில் இருக்கின்றன. "வாட்ஸ்அப்ல ஒருத்தர் லட்சக்கணக்குல தர்றேங்கிறார் சார். முதல்ல பதிவுக் கட்டணம் கட்டணுமாம். அதைக் குறைக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?" என்றார்.

தம்பிக்கு என் பதில்: தாராளமாகக் கேளுங்கள். சகோதரிக்கு என் பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆடிப்பூரத் தேருக்கு வரும் வளையல் கடையில் பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை. பால்கோவா கடையில் யாரும் பேரம் பேசுவதும் இல்லை. விலை எழுதிப் போட்டிருக்கிறது, எல்லோருக்கும் ஒரே விலை. பழைய நாணயம் வளையல் கடை ரகம். அதற்கு எம்.ஆர்.பி. கிடையாது. வியாபாரி சொல்வது அவருடைய ஆசை விலை, நீங்கள் கேட்பது உங்களுடைய ஆசை விலை. இரண்டுக்கும் நடுவில்தான் வியாபாரம் முடியும். நல்ல வியாபாரி இதை எதிர்பார்த்தே விலை சொல்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் பேரத்துக்கு வாய் மட்டும் போதாது, கணக்கு தெரிய வேண்டும். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம், அதாவது சுமார் 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கினால் அந்தக் காசின் அடிவிலை வந்துவிடும். அதற்குக் கீழே நாம் விற்கக் கூடாது. அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் பேரம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே எடைதான். ஆனால் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். புலி போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. அதனால் முதலில் வருடத்தைப் பாருங்கள்.

அடிவிலைக்கு மேலே ஏற்றுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, அபூர்வம். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் ஏராளமாகக் கிடைக்கிறது. 1939 ரூபாய் கிடைப்பது அரிது, அதனாலேயே அதில் போலியும் அதிகம். இரண்டாவது, தேய்மானம். ராணியின் முடிச் சுருளும் ஆடை வேலைப்பாடும் தெளிவாக இருக்கும் காசும், முகம் மழுங்கிப்போன காசும் ஒரே வருடமானாலும் ஒரே விலை அல்ல. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது அழகு. காசுக்கு அது நஷ்டம். தேய்த்த காசு என்றால் சேகரிப்பவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இனி தம்பி போன்றவர்களுக்கு. வியாபாரிகள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மதிப்பை முடிவு செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒருவர் உண்மையில் பணம் கொடுத்து வாங்கிய விலை அது. அதே வருடம், அதே தரம் உள்ள காசு என்ன விலைக்குப் போனது என்று நான்கைந்து பார்த்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், தராசில் வைத்த படம் கேளுங்கள். போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று விலைக்கு முன்னால் கேளுங்கள். தபால் செலவு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. "இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க, வேற ஆள் கேக்கறாங்க" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்டது என்று ராமர் பட்டாபிஷேகம் பொறித்த காசு விற்க வந்தால் பேரமே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை.

வியாபாரிக்கும் நியாயம் உண்டு. எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்பது பேரம் அல்ல. அவரும் முதல் போட்டிருக்கிறார், மாதக்கணக்கில் அந்தக் காசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பொருளை மட்டம் தட்டாமல், "நான் பார்த்த வரை இந்த விலைக்குப் போயிருக்கிறது, என்னால் இவ்வளவு முடியும்" என்று சொன்னால் போதும். இரண்டு மூன்று காசு சேர்த்து வாங்கினால் அவரே குறைப்பார். விலை முடிந்த பிறகு பின்வாங்காதீர்கள். சின்ன வட்டம் இது, பெயர் கெட்டால் நல்ல காசு உங்களிடம் வராது.

இப்போது அந்தச் சகோதரியின் விஷயம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். பேரம் என்றால் வாங்குபவர் பணம் தருவார், விற்பவர் பொருள் தருவார். காசையும் நம்மிடம் வாங்கிக்கொண்டு கட்டணமும் நம்மிடமே கேட்பது எந்த ஊர் வியாபாரம்? பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., கமிஷன், ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வரும். நம்ப வைக்க ரிசர்வ் வங்கியின் முத்திரையையும் போட்டு அனுப்புவார்கள். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக எச்சரித்திருக்கிறது: பழைய நாணய, நோட்டு வியாபாரத்தில் அது ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரமும் கொடுக்கவில்லை.

இந்தக் கும்பல்தான் வைஷ்ணோ தேவி படம் போட்ட 5, 10 ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம் தருகிறோம் என்று வீடியோ போடுகிறது. பெருவாரியாக அச்சிட்டு வெளியிட்ட நாணயம் அது. பத்து லட்சத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. அந்தக் கட்டணத்தில் பேரம் பேசினால் உடனே குறைப்பார்கள், அதுவும் தந்திரம்தான். ஐயாயிரத்தை இரண்டாயிரமாகக் குறைத்துவிட்டோம் என்ற திருப்தியில் இரண்டாயிரத்தை இழப்போம். இன்னொன்று, யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையில்லை, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு வியாபாரி எவ்வளவு அதிகம் சொன்னாலும் அந்தப் பேரம் வேண்டாம். வானம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் அதுவும் நம் சொத்து அல்ல. கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது.

ஒரு வேலை சொல்கிறேன், வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டிலிருக்கும் காசுகளை எடுத்து ஒவ்வொன்றின் வருடம், எடை, யார் வழியாக வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நகைக்கடைத் தராசில் எடை போட்டுக் கேட்டால் போட்டுத் தருவார்கள். இருபக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு யார் விலை சொல்லி வந்தாலும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசலாம். விற்க வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்லதுதான்.