தோற்ற மறுநாளே பயிற்றுநரைத் தூக்கலாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஜாசின் பட்டணத்தில் டியூஷன் வகுப்பை முடித்துவிட்டு, படிவம் 5 மாணவர்கள் நால்வரோடு பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்தேன். தே தாரேக் மேசைக்கு வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டின் சரிவுக்கு யார் காரணம்? பயிற்றுநரா, ஆட்டக்காரர்களா? ஒருவன் “தோத்த மறுநாளே தூக்கிடணும் சார்” என்றான். இன்னொருவன் “கொஞ்சம் டைம் கொடுக்கணும்டா” என்றான். ஃபெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்ற பிறகு வந்த மோயஸ், வான் கால், மொரின்யோ, சூல்ஷர், டென் ஹாக், அமோரிம் என்று வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் இப்படி ஒப்பித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“சரி, ராஜகோபாலைத் தெரியுமா?” என்று கேட்டேன்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் கேட்டான்: “எந்த ஸ்கூல் சார்?”

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கதை நடந்தபோது அவர்கள் கைக்குழந்தைகள். ஆனால், தோற்கும் அணியின் பயிற்றுநரை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதில் என் பங்குக்கு ஒரு வெட்கக்கேடும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கே. ராஜகோபால் 2009-இல் தேசியக் காற்பந்து அணியின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவருடைய இளம் அணி இறுதியாட்டத்தில் வியட்நாமை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அந்தத் தங்கத்துக்காக மலேசியா 20 ஆண்டுகள் காத்திருந்தது. மறுநாள் தோட்டத்தில் எல்லாருடைய வாயிலும் அவர் பெயர்தான். “நம்ம ஆளு” என்று பெருமைப்பட்டோம்.

அடுத்த ஆண்டு ஆசியான் நாடுகளின் சுசுகி கிண்ணப் போட்டி. 2010 டிசம்பர் 1. முதல் ஆட்டமே ஜகார்த்தாவில், இந்தோனேசியாவை எதிர்த்து. நான் அப்போது படிவம் 4 முடித்த பையன். பள்ளி விடுமுறை. ஜாசின் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்துக் காப்பிக்கடையில் ஒரு பெரிய தொலைக்காட்சி இருந்தது. லயத்து ஆண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். முடிவு 5-1. ஐந்து கோல் வாங்கியது நாம்.

நான்காவது கோலுக்குப் பிறகு நான் எழுந்து நின்று கத்தினேன்: “நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க வரும்? இவரைத் தூக்கிட்டு வெளிநாட்டுக்காரனைப் போடுங்க!” சிலர் சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள்.

மூலையில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் தாத்தா. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நடுவதற்கு முந்திய காலத்தில் தோட்டத்துக் காற்பந்து அணியை நடத்தியவர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏன்டா, தோத்தது ஆட்டம். அதுல நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு எங்கடா வந்துச்சு? இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு. பார்த்துட்டுப் பேசு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு நடந்தது வரலாறு. இரண்டாவது ஆட்டத்தில் தாய்லாந்துடன் 0-0. மூன்றாவதில் லாவோசை 5-1 என வென்றோம். அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என வீழ்த்தி, ஹனோயில் 0-0 எனச் சமன் செய்தோம். இறுதிச் சுற்றில் எதிரே வந்தது அதே இந்தோனேசியா. டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என வென்று மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைத் தூக்கியது. சாஃபி சாலி 5 கோல்கள் போட்டு, போட்டியின் அதிக கோல் அடித்தவரானார். எஸ். குணாளனும் அந்த அணியில் இருந்தார். அரசாங்கம் டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறையாக அறிவித்தது.

நான்கே வாரங்கள். “தூக்கு” என்று கத்திய அதே வாயால் “நம்ம ஆளு” என்று மறுபடியும் கத்தினேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

இப்போது யோசித்தால் எனக்கு ஒன்று புரிகிறது. என் புகழ்ச்சியும் காற்பந்தைப் பற்றியது அல்ல. என் வசையும் காற்பந்தைப் பற்றியது அல்ல. அவர் வென்றால் எனக்குப் பெருமை, தோற்றால் எனக்கு அவமானம். ஒரு மனிதரின் வேலையை நான் மதிப்பிடவே இல்லை. அவர் தோளில் என் தாழ்வு மனப்பான்மையை ஏற்றி வைத்திருந்தேன். நம் சமூகத்தில் ஒருவர் மேலே வரும்போது நாம் அடிக்கடி செய்வது இதுதான். வென்றால் மாலை, தோற்றால் கல். இரண்டுமே அவருக்கு உதவாது.

அப்படியானால் பயிற்றுநரை விமர்சிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ராஜகோபாலின் கதை 2010-உடன் முடியவில்லை. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் மொத்தக் கணக்கில் 6-4 எனத் தோற்று வெளியேறினோம். 2012 சுசுகி கிண்ணத்தில், நடப்பு வெற்றியாளராக இருந்தும், முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலிலேயே சிங்கப்பூரிடம் 3-0 எனத் தோற்றோம். அதிலிருந்து மீண்டு லாவோசையும் இந்தோனேசியாவையும் வென்றாலும், அரையிறுதியில் தாய்லாந்திடம் ஆட்டம் முடிந்தது. அப்போது எழுந்த கேள்விகளில் நியாயமானவையும் இருந்தன. தற்காப்பில் மீண்டும் மீண்டும் அதே பிழை ஏன்? புதிய ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பு எப்போது? இவற்றைக் கேட்பது ரசிகனின் உரிமை. பதில் சொல்வது பயிற்றுநரின் கடமை. 2013-உடன் அவருடைய பொறுப்பு முடிவுக்கு வந்தது.

அவர் போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா? அடுத்து வந்த டோலா சாலே 2014-இல் அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுசென்றார். ஆனால், 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 10-0 எனத் தோற்றதும் பதவி விலகினார். 2017-இல் வந்த போர்த்துகல்காரர் நெலோ விங்காடா ஒரு வெற்றிகூடக் காணாமல் அதே ஆண்டில் போனார். காப்பிக்கடையில் நான் கேட்ட “வெளிநாட்டுக்காரன்” வந்த கதை அது. அதே சமயம், 2022-இல் வந்த தென் கொரியர் கிம் பான் கோன், 1980-க்குப் பிறகு முதன்முறையாக மலேசியாவைத் தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டுசென்றார். ஆக, உள்ளூர்க்காரரா வெளிநாட்டவரா என்பதில் விடை இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ராஜகோபாலுக்கு முன் தேசிய அணியை வழிநடத்தியவர் பி. சத்தியநாதன். 2009 தொடக்கத்தில் தோல்விகளுக்குப் பிறகு அவர் அப்பொறுப்பை இழந்தார். மறு ஆண்டே கிளந்தான் அணிக்கு அதன் வரலாற்றில் முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். ஓரிடத்தில் தோற்றவர் எல்லா இடத்திலும் தோற்றவர் அல்லர்.

இதைப் பற்றி ஆய்வும் உண்டு. நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு முதல்நிலை லீக் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். தொடர்ந்து தோற்றதால் பயிற்றுநரை மாற்றிய அணிகள், மாற்றிய பிறகு மீண்டன. இதுவரை கேட்டால் மாற்றியது சரி என்றுதான் தோன்றும். ஆனால், அதே அளவு சரிந்தும் பயிற்றுநரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே போல் மீண்டன. அதாவது, மிக மோசமான நிலையில் இருக்கும் அணி, பெரும்பாலும் தன் வழக்கமான நிலைக்குத் தானாகவே திரும்புகிறது. புதியவர் வந்த நேரத்தில் அது நடப்பதால் பெயர் அவருக்குப் போகிறது.

மாணவர்களுக்கு இது புதிதல்ல. வழக்கமாக 70 புள்ளி எடுப்பவன் ஒரு சோதனையில் 45 எடுக்கிறான். வீட்டில் திட்டு விழுகிறது. அடுத்த சோதனையில் 68 வருகிறது. “திட்டினதாலதான் படிச்சான்” என்கிறார் அப்பா. திட்டாமல் இருந்தாலும் 68 வந்திருக்கக்கூடும் அல்லவா? புள்ளியியல் படிக்கப் போகும் மாணவர்கள் இந்தக் கேள்வியை மறக்க வேண்டாம்.

நம் மாநிலத்துக்கே வருவோம். மலாக்கா யுனைடெட் 2016-இல் பிரிமியர் லீக்கை வென்று, 2017-இல் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. குருபோங்கில் உள்ள ஹங் ஜெபாட் அரங்கத்துக்கு நாங்கள் மோட்டார் சைக்கிளில் போவோம். தோற்றுத் திரும்பும் வழியெல்லாம் பயிற்றுநரைத்தான் பேசுவோம். யாரை இறக்கினார், யாரை உட்கார வைத்தார் என்று. ஆனால், அந்த அணியை வீழ்த்தியது ஆட்ட வியூகம் அல்ல. ஊதிய நிலுவையால் புள்ளிகள் கழிக்கப்பட்டன. பணச் சிக்கல் தீராமல், 2023 பருவத்துக்கு உரிமமே கிடைக்கவில்லை. சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத ஆட்டக்காரனை எந்தப் பயிற்றுநர் வந்து ஓட வைப்பார்? நாங்கள் ஓரத்தில் நிற்பவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்குப் புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதனால், ஒட்டுக்கடையில் அந்த நால்வரிடம் மூன்று கேள்விகளைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, எத்தனை ஆட்டங்களை வைத்துப் பேசுகிறோம்? ஒரு தோல்வி செய்தி. அதுவே தீர்ப்பு ஆகாது.

இரண்டாவது, அவர் கையில் என்ன இருந்தது? ஆட்டக்காரர்கள், பணம், பயிற்சிக்கான நாள்கள் இவற்றைத் தந்தது யார்?

மூன்றாவது, தோல்விக்குப் பிறகு அவர் எதை மாற்றினார்? அதே பிழையை அதே முகத்தோடு திரும்பச் செய்கிறாரா, திருத்த முயல்கிறாரா?

இந்த மூன்றுக்கும் விடை தேடிய பிறகும் “அவர் போகத்தான் வேண்டும்” என்று தோன்றினால், துணிந்து சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள். ஆனால், அவருடைய வேலையைப் பேசுங்கள். பிறப்பையும் இனத்தையும் குடும்பத்தையும் பேசாதீர்கள். அந்தக் காப்பிக்கடையில் நான் பேசியது இரண்டாவது வகை. பதினாறு வயதில் பேசினேன் என்பது சமாதானம் ஆகாது.

இது தொலைக்காட்சியில் தெரியும் பயிற்றுநர்களுக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் பள்ளி அணியையும் ஓர் ஆசிரியர் நடத்துகிறார். மதியம் வகுப்பு முடிந்து, வெயிலில் திடலில் நின்று, சில நேரம் தன் கைக்காசில் தண்ணீர் வாங்கித் தருபவர். மாவட்டப் போட்டியில் அணி முதல் சுற்றிலேயே தோற்றால், அன்றிரவு வகுப்புப் புலனக் குழுவில் என்ன எழுதுகிறீர்கள்? அவர் கண்ணில் படாது என்று நினைக்கிறீர்களா? யாராவது ஒருவர் அதை அவருக்கு அனுப்பி வைப்பார். மறுநாளும் அவர் திடலுக்கு வர வேண்டும்.

தாத்தா இப்போது இல்லை. தோட்டத்து லயமும் இல்லை. ஆனால், என் அணி தோற்கும் ஒவ்வோர் இரவும் கைப்பேசியை எடுக்கும்போது அவர் குரல் கேட்கிறது. பார்த்துட்டுப் பேசு. நீங்களும் ஓர் இரவு பொறுங்கள். காலையிலும் அதே கருத்து இருந்தால், காரணத்தோடு எழுதுங்கள். அப்போது நானும் வந்து படிக்கிறேன்.