திருப்புளி இருந்தா போதுமா?

நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய ஸ்கீயை தங்கமணிக்குக் கொடுத்தார். "பைண்டிங்கை கொஞ்சம் நகர்த்தினா அவங்க பூட்ஸுக்கு சரியா வந்துடும், அஞ்சு நிமிஷ வேலை"ன்னு ஒரு திருப்புளியையும் கையில திணிச்சுட்டார்.

நகர்த்துறது அஞ்சு நிமிஷம்தாங்க. பிரச்சினையே அதுக்கப்புறம்தான்.

பூட்ஸ் சைஸ்ங்கிறது பாதத்தோட நீளம். பைண்டிங்குக்கு வேண்டியது பூட்ஸ் அடிப்பாகத்தோட நீளம். குதிகால் பக்கம் 285 மி.மீ.ன்னு சின்னதா எழுதியிருக்கும். ஒரே சைஸ்ல ரெண்டு கம்பெனி பூட்ஸுக்கே இது மாறும். (நானும் முதல் வருஷம் செருப்பு சைஸ் மாதிரின்னு நெனச்சவன்தான்.)

பூட்ஸ் "டக்"குன்னு உக்காந்தா முடிஞ்சதா? பின்பக்கம் பூட்ஸை முன்னாடி தள்ளுற அழுத்தம் சரியா இருக்கணும். அப்புறம் டின் எண். எடை, உயரம், வயசு, ஓட்டுற விதம், அடிப்பாக நீளம் எல்லாம் பார்த்து வைக்கிற எண் அது. நண்பர் 175 பவுண்டு, தங்கமணி 120. அவர் எண்ணை அப்படியே விட்டா, விழும்போது பைண்டிங் கழலாது, கால்தான் முறுகும். முழங்கால் ஜவ்வை இது காப்பாத்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா கால் எலும்பு முறியறது குறைஞ்சதுக்கு இந்தக் கழலுற ஏற்பாடு பெரிய காரணம்.

அதனால கடையில காசு கொடுத்து, மெஷின்ல சோதிச்சு வாங்கறதுதான் சரிங்கிறது என் கட்சி. நண்பர் அதைக் கொள்ளைங்கிறார். இருக்கட்டும்.

கடைக்காரர் பார்த்தார். இந்த மாடல் இப்ப கம்பெனி லிஸ்ட்ல இல்ல, தொட மாட்டேன்னுட்டார். ஸ்கீ கராஜ்ல நிக்குது. திருப்புளியை மட்டும் திருப்பிக் கொடுத்தாச்சு.