தோப்பை ஈடு வைத்து ஒரு சினிமாப் படிப்பு

எஞ்சினியரிங் முடித்த பையன் லண்டனுக்குப் போய் எம்.ஏ. சினிமா படிக்கப் போகிறான் என்று இந்த வருஷம் மட்டும் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். ராஜபாளையத்தில் இரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று. பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சினிமா படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். கையெழுத்துப் போடுகிற பெரியவர்களோடுதான் எனக்குச் சண்டை.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் ஃபைல் பார்த்தவன் என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவர் தென்னந்தோப்புப் பத்திரத்தோடு வந்தார்.

"அண்ணாச்சி, இத ஈடு வச்சாப் போதுமா?"

"பையன் பூனாவுக்கு எழுதிப் பாத்தானா?" என்றேன்.

"சினிமா படிக்க பூனாவுக்கு அனுப்புனேன்னு சொன்னா சொந்தக்காரங்க சிரிப்பாங்க அண்ணாச்சி. லண்டன்னா வாயத் தொறக்க மாட்டாங்க."

விஷயமே அதுதான். அடையாறில் சேருகிறேன் என்று அந்தக் காலத்தில் ஒரு பையன் சொன்னால் அது கூத்தாடிப் பிழைப்பு, வீட்டுக்கு அவமானம். அதே படிப்புக்கு லண்டன் முத்திரை விழுந்தால் மேல்படிப்பு, சம்பந்தம் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். அந்த முத்திரைக்குத்தான் தோப்பு போகிறது.

கல்விக்கடன் பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். லண்டன் படிப்புக்கு அந்த 7.5 லட்சம் எந்த மூலைக்கு? படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வட்டி தூங்காது.

"அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடுவான்" என்பார் ஏஜெண்ட். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சொந்தமாகத் தொழில் செய்யக் கூடாது. சினிமா வேலை எப்படிப்பட்டது? இந்தப் படத்தில் இருபது நாள், அடுத்த படத்தில் பத்து நாள், ஒவ்வொன்றும் வேறு கம்பெனி. அதாவது, படித்த தொழிலைப் படிக்கும்போது செய்ய விடாத விசா. பிறகு ஹோட்டலில் தட்டுக் கழுவத்தான் வேண்டும். படிப்பு முடிந்தபின் தங்க இரண்டு வருஷம் கொடுத்து வந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் 18 மாதம்தான். அதற்கு மேல் இருக்க ஒரு முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டும். பத்து நாள் வேலைக்காரனுக்கு எந்த முதலாளி செய்வார்?

வெளிநாட்டு மாணவராகப் போய் சினிமா படித்துப் பெயர் வாங்கிய தமிழரே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார், பாலு மகேந்திரா. மட்டக்களப்பு பக்கம் அமிர்தகழியில் பிறந்த இலங்கைக்காரர். அவர் போய்ப் படித்த வெளிநாடு எது தெரியுமா? நம் பூனா! அங்கே ஒளிப்பதிவு படித்து 1969-ல் வெளியே வந்தார். மலையாளத்தில் 'நெல்லு', கன்னடத்தில் 'கோகிலா', அதன்பிறகுதான் 1979-ல் தமிழில் 'அழியாத கோலங்கள்'. 1988-ல் வந்த 'வீடு' படத்தைக் கடன் கொடுக்கிற மேனேஜர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடல் தாண்டி வந்து ஒருவர் படித்த இடம் நமக்கு மட்டும் கேவலமாகத் தெரிகிறது.

அமெரிக்கா போனவரும் உண்டு. மாணிக்லால் டாண்டன் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1935-ல் கூடப் படித்த எல்லிஸ் ஆர். டங்கனை இங்கே அழைத்து வந்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த 'சதி லீலாவதி' டங்கன் எடுத்ததுதான். அன்றைக்கு அமெரிக்கா போனதில் நியாயம் இருந்தது. இங்கே சொல்லிக்கொடுக்க அரசுக் கல்லூரி கிடையாது. சென்னையில் 1945-லும் பூனாவில் 1960-லும் வந்துவிட்டன. 1986-ல் 'ஊமை விழிகள்' எடுத்துத் தியேட்டரை நிறைத்தவர்கள் நம் சென்னைத் திரைப்படக் கல்லூரிப் பிள்ளைகள்தான்.

பையன் எதைப் படம் எடுக்கப் போகிறான்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அந்தத் தறிச் சத்தம் லண்டனில் கேட்காது.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செவனிங் என்று பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகை இருக்கிறது. ஒரு வருஷ முதுகலைப் படிப்புக்குக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். பையன் சென்னையில் இரண்டு வருஷம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு அதற்கு விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் பஸ் ஸ்டாண்டில் நானே போஸ்டர் ஒட்டுகிறேன்.

அதுவரை ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் காபி கொடுங்கள், பால்கோவாவும் கொடுங்கள். பத்திரத்தை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒன்று கேளுங்கள்: "தம்பி, எங்க பையன் அங்க சேந்தா அந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் கொடுக்குது?"