சிஞ்சில்லா ஏன் கடிக்கிறது?

வீட்டுச் சிஞ்சில்லா முன்போல் கைக்கு வருவதில்லை, கடிக்கிறது என்று என் மாணவன் ஒருவனின் தாயார் குறைபட்டுக்கொண்டார். அது பகலில் உறங்கி அந்தியில் விழிக்கும் பிராணி. விடுமுறையில் இரவில் அதனோடு விளையாடிய பிள்ளை, பள்ளி திறந்ததும் நண்பகலில் தட்டி எழுப்பினால் வேறென்ன செய்யும்?

அதன் பூர்வீகம் ஆண்டிஸ் மலைக் குளிர். அடர்ந்த மயிர்ப் போர்வையோடு 25 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்குவது அதற்குக் கடினம். நம் ஜொகூரிலோ நண்பகலில் 32 பாகை! காதுகள் சிவந்து துவண்டு கிடந்தால் அது சோம்பல் அன்று, வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கூண்டருகே அமைதியாக அமர்ந்து, அதுவாக வரும்வரை காத்திருக்கும் பிள்ளையிடமே அது ஒட்டும். ஆண்டு 2 மாணவனுக்கு இன்று வாங்கித் தந்தால், அவன் பல்கலைக்கழகம் செல்லும்போதும் அது உயிரோடிருக்கக்கூடும். அதுவரை பகல் முழுதும் குளிரூட்டியை ஓடவிட இயலாத வீட்டில் அதனை வளர்க்கவே கூடாது என்பது என் கருத்து.