வருமானம் குறையுற வருஷம்தான் ஓ.பி.யில் கூட்டம் கூடும்

பட்ஜெட் பத்தி ஒரு டாக்டர் எதுக்குப் பேசணும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை, வெறும் எம்பிபிஎஸ். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். வேலை இதே கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனை. ஆனா அரசாங்கத்துக்கு வருமானம் குறைஞ்சா அது கடைசியில் எங்கே வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும். என் மேசைக்கு முன்னாடிதான் வந்து நிக்கும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2020, ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓட ஆரம்பிச்ச சமயம். ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். எட்டு வருஷமா சர்க்கரை. அதுவரைக்கும் பிரைவேட்ல பார்த்து, வெளியில மாத்திரை வாங்கிட்டிருந்தவங்க. வீட்டுக்காரருக்கு விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. ஆர்டர் இல்லை, சூளை எரியலை, சம்பளம் இல்லை. மூணு மாசமா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்காங்க. சுகர் பார்த்தா 380. கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு, அதை அவங்க சொல்லவே இல்லை. செருப்பைக் கழட்டச் சொன்னப்பதான் பார்த்தேன்.

"இனிமே இங்கதான் சார் வரணும். வெளியில வாங்கிக் கட்டுப்படியாகல."

அந்த வருஷம் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கு இல்லை. முந்திரிக் கொட்டை உடைக்கப் போறவங்க, கரும்பு வெட்டுறவங்க, திருப்பூர்ல இருந்து ஊர் திரும்பின பசங்க. கையில காசு இருந்தப்ப பிரைவேட் போனவங்க எல்லாம் எங்க க்யூவில் நின்னாங்க. ஆக, மக்களுக்கு வருமானம் குறையுற வருஷம்தான் அரசு மருத்துவமனைக்குத் தேவை கூடுது. அதே வருஷம்தான் அரசாங்கத்துக்கும் வருமானம் குறையுது. நான் சொல்ல வர்ற விஷயம் இந்தச் சிக்கல் பத்திதான்.

முதல்ல வருமானம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். வருமான வரி மாநில அரசோடது இல்லை, அது மத்திய அரசு வசூலிச்சுப் பங்கு கொடுக்கிறது. மாநிலத்தோட சொந்த வரின்னா ஜிஎஸ்டியில் ஒரு பாதி, பெட்ரோல் டீசல் சரக்கு மேல வாட், மது மேல ஆயத்தீர்வை, பத்திரப்பதிவு, வண்டி வரி. பெரிசா இவ்வளவுதான். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டதும் இத்தனையும் ஒரே வாரத்தில் நின்னுபோச்சு. கடை மூடியாச்சு, பத்திர ஆபீஸ் மூடியாச்சு, வண்டி ஓடலை, டாஸ்மாக்கும் இல்லை.

இதுல ஜிஎஸ்டி விகிதத்தை மாநிலம் தனியா மாத்த முடியாது. 2017 ஜூலைக்கு அப்புறம் அந்தச் சாவி கவுன்சில் கையில் இருக்கு. மீதி இருக்கிற சாவிகளைத்தான் திருகணும். அதைத்தான் பண்ணாங்க. 2020 மே மாசம் வாட் மாத்தினதில் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசு, டீசல் 2 ரூபாய் 50 காசு ஏறுச்சு. அதே வாரம் டாஸ்மாக் திறந்து குவாட்டருக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் ஏத்தினாங்க.

(டாஸ்மாக் பத்தி தனி இழை எழுதணும். 2024-25ல் அதுல வந்த வருவாய் 48 ஆயிரம் கோடிக்கு மேல. கல்லீரல் வீங்கி, வயித்துல தண்ணி கோத்து, முப்பத்தெட்டு வயசுல படுத்திருக்கிறவரை வார்டுல பார்க்கும்போது, இவர் கட்டின வரியும் என் சம்பளத்துல இருக்குன்னு தோணும். இப்போ அது வேண்டாம்.)

கடன் வாங்கிச் சமாளிக்கலாமேன்னு கேட்கலாம். மாநிலம் நோட்டு அடிக்க முடியாது. கடனுக்கும் வரம்பு உண்டு. மாநில உற்பத்தியில் 3 சதவீதம்ங்கிறதுதான் வழக்கமான கோடு. கரோனா வருஷத்தில் 5 வரை தளர்த்தினாங்க, அதிலும் ஒரு பகுதி நிபந்தனைகளோட. அதுக்கு மேல போக மத்திய அரசு அனுமதிக்காது.

ஆனா எல்லாத்தையும் கரோனா தலையில் கட்டவும் முடியாது. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2020-21ல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. ஒரு குடும்பத்துக்குச் சராசரியா 2,63,976 ரூபாய் பொதுக்கடன். டிவியில் எல்லாரும் இந்தக் குடும்பக் கணக்கைத்தான் பேசினாங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் பட்டது வேற ஒரு எண். 2006-07ல் மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் நூத்துக்கு எட்டு ரூபாய்க்கு மேல சொந்த வரியா வந்தது. 2020-21ல் அது ஐந்தரை ரூபாய் பக்கம் வந்துடுச்சு. ஊர்ல பணம் புழங்குது, அதுல அரசாங்கத்துக்கு வர்ற பங்கு மட்டும் வருஷா வருஷம் சுருங்கியிருக்கு. 2013-14ல் இருந்து வருவாய்ப் பற்றாக்குறை இல்லாத வருஷமே இல்லை. மெதுவா ஏறின சுகர் மாதிரி இது. கரோனாங்கிறது கால்ல புண்ணு வந்து கண்டுபிடிச்ச நாள்.

மத்திய வரியில் நம்ம பங்கும் 12ஆவது நிதிக்குழுவில் 5.305 சதவீதமா இருந்து, 15ஆவதில் 4.079 ஆயிடுச்சு. செஸ், சர்சார்ஜ்னு வசூலிக்கிறதுல பங்கே கிடையாது. இதுல மாநிலம் சண்டை போடுறது நியாயம்தான். ஆனா அந்தச் சண்டையில் ஜெயிக்கிற வரைக்கும் வீட்டை நடத்தணுமே.

சரி, வருமானம் குறைஞ்சா எதை வெட்டுறது? வட்டியை வெட்ட முடியாது. 2025-26 பட்ஜெட்ல வட்டிக்கு மட்டும் சுமார் 70 ஆயிரம் கோடி. மொத்த சுகாதாரத் துறைக்கு 21,906 கோடி. மூணு மடங்குக்கு மேல. பென்ஷனையும் நிறுத்த முடியாது. மீதி இருக்கிறதுல வெட்டினா யாரும் கத்தாத இடம் எது? அங்கேதான் கத்தி போகுது.

எங்களுக்கும் வெட்டினாங்க, அதை முதல்ல சொல்லிடறேன். 2020 ஏப்ரல்ல அகவிலைப்படியை நிறுத்தினாங்க. 17 சதவீதத்திலேயே நின்னு, 2022 ஜனவரியில் 31 ஆச்சு. நடுவுல போனது போனதுதான். பிபிஇ கிட்டுக்குள்ள வேர்வையில நின்ன மாசங்கள் அது. வலிச்சது, ஆனா நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். எனக்கு மாசச் சம்பளம் வந்துச்சு, சூளைக்காரருக்கு வரலை. என் வருத்தம் வேற. ஈட்டிய விடுப்பு சரண்டரை அப்போ ஒரு வருஷத்துக்கு நிறுத்துறோம்னாங்க. அது திரும்ப வந்தது 2025 அக்டோபர்ல. தற்காலிகம்னு சொல்லி வெட்டினது அஞ்சரை வருஷம் நீண்டுச்சு. எங்களுக்குச் சங்கம் இருக்கு, கேட்டுக்கிட்டே இருந்தோம், வந்துச்சு. கேட்க ஆள் இல்லாத இடத்துல வெட்டினது?

உதாரணம் சொல்றேன். ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்தை நிரப்பலை. எந்தப் பட்ஜெட் உரையிலும் அது வராது, எந்தப் பேப்பரிலும் தலைப்பு ஆகாது. நிதித்துறை கணக்குல மாசம் ஐம்பதாயிரம் மிச்சம்னு வச்சுக்கோங்க. இங்கே நான் என்ன செய்வேன்? ஓ.பி. சீட்டுல "வெளியில ரத்தம் பார்த்துட்டு வாங்க"ன்னு எழுதுவேன். ஒரு நாளைக்கு நாப்பது பேர், ஆளுக்கு நூறு ரூபாய், மாசம் இருபத்தஞ்சு நாள். ஒரு லட்சம். தோராயக் கணக்குதான், ஆனா நான் வேலை பார்த்த இடங்கள்ல இதைவிடக் குறைவா இருக்காது. அரசாங்கம் ஐம்பதாயிரம் மிச்சம் பிடிச்சதுக்கு, கையில காசில்லாம அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க ஒரு லட்சம் கட்டுறாங்க. நூறு ரூபாய் இல்லாதவங்க டெஸ்ட் எடுக்காமலே வீட்டுக்குப் போறாங்க. அது எந்தக் கணக்கிலும் வராது. ரெண்டு வருஷம் கழிச்சு டயாலிசிஸ் கணக்குல வரும்.

மருந்து விஷயத்துல நாம புண்ணியம் பண்ணவங்க. 1995ல் இருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி மாவட்டக் கிடங்கு வழியா கொடுக்குது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதுக்குள்ள இண்டென்ட் போட்டு எடுக்கணும். மற்ற மாநிலக்காரங்க வந்து பார்த்துக் கத்துக்கிட்டுப் போன ஏற்பாடு இது. ஆனா இண்டென்ட் பொதுவா போன வருஷம் ஓடினதை வச்சுப் போடுறது. 2020 மாதிரி ஒரு வருஷத்தில் புதுசா வந்து நிக்கிற கூட்டம் அந்தக் கணக்குல இருக்காது. அப்போ முப்பது நாள் மாத்திரையைப் பதினஞ்சு நாளாப் பிரிச்சுக் கொடுக்க வேண்டி வரும். பதினஞ்சு நாளுக்கு ஒருமுறை வர்றதுன்னா மாசம் ரெண்டு நாள் கூலி போச்சு.

இது புதுசும் இல்லை. 2001ல் ஆட்சி மாறினப்பவும் கஜானா காலின்னாங்க, அப்பவும் வெள்ளை அறிக்கை வந்துச்சு. அந்த நவம்பர்ல புதுப் பணி நியமனத்துக்குத் தடை போட்டாங்க. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் இல்லைன்னாங்க. ஜூலையில் ஸ்ட்ரைக் பண்ணதுக்கு சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரே அடியா வேலையை விட்டு நீக்கினாங்க. நான் அப்போ ஒன்பதாவது. ஸ்கூல்ல வாத்தியார் இல்லை, எங்களுக்கு ஜாலி, பூவராகசாமி கோயில் பக்கம் விளையாடிட்டிருந்தோம். நீக்கினவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பி வந்துட்டாங்க. வரலாற்றுல நிக்கிறது அந்த டிஸ்மிஸ்தான். ஆனா நீடிச்சது சத்தமில்லாம போட்ட நியமனத் தடையோட பழக்கம். தொகுப்பூதியம், ஒப்பந்தம், அவுட்சோர்சிங்னு பல பேர்ல அது இன்னிக்கும் எங்க வார்டுல நடமாடுது.

2020ல் கரோனாவுக்காக எடுத்த ஒப்பந்த நர்ஸ்கள் 2,300 பேருக்கு மேல 2022 டிசம்பர் 31ஓட முடிஞ்சதுன்னு அனுப்பினாங்க. ரெண்டரை வருஷம் எங்களோட நின்ன பொண்ணுங்க. நியமனம் விதிப்படி நடக்கலை, தற்காலிகம்னு தெரிஞ்சுதானே சேர்ந்தாங்கன்னு விளக்கம் சொன்னாங்க. சட்டப்படி அதுல வாதம் இருக்கலாம். ஆனா அவங்க இருந்தப்ப நைட் டியூட்டியில ஒரு வார்டுக்கு ரெண்டு நர்ஸ் இருந்தாங்க. போனப்புறம் ஒருத்தர். நோயாளி எண்ணிக்கை குறையலை.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லைன்னா பொய்யாயிடும். சுகாதாரத்துக்கு ஒதுக்கீட்டை வெட்டலை. 2020-21ல் 15,863 கோடி, 2021-22 திருத்திய பட்ஜெட்ல 18,933 கோடி. வெள்ளை அறிக்கை வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி, 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. கஜானா அவ்வளவு மோசமா இருந்த வாரத்துல! சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போச்சு. நான் சொன்ன அம்மாவுக்கும் போச்சு. பஸ் செலவு மிச்சம், கூலி மிச்சம், மாத்திரை விட்டுப்போகலை. புண்ணு ஆறி விரல் தப்பிச்சது. டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம் ஆனதும் என் ஓ.பி.யில் கண்ணுக்குத் தெரிஞ்சது, முன்னெல்லாம் முத்தினப்புறம் வர்றவங்க கொஞ்சம் சீக்கிரமே வர ஆரம்பிச்சாங்க.

அதனால "இலவசத்தை எல்லாம் நிறுத்து, எல்லாம் சரியாயிடும்"னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன். ஆனா எல்லா இலவசமும் ஒண்ணும் இல்லை. எங்க வீட்டுக் கரண்ட் பில்லுல 100 யூனிட் கழிச்சு வருது. நான் அரசாங்க டாக்டர், வீட்டுல ரெண்டு ஏசி. எனக்கு எதுக்கு அது? 2021 ஆகஸ்ட்ல பெட்ரோல் வரியில 3 ரூபாய் குறைச்சாங்க, வருஷத்துக்கு 1,160 கோடி இழப்புன்னு அவங்களே சொன்னாங்க. பைக்ல கூலி வேலைக்குப் போறவருக்கு அது உதவினது உண்மை. என் காருக்கும் சேர்த்துக் குறைஞ்சது. என்னை மாதிரி ஆளுக்குப் போறதை நிறுத்தினா நான் ஒரு ட்வீட் போட்டுத் திட்டுவேன், அவ்வளவுதான். லேப் டெக்னீஷியன் இடத்தை நிறுத்தினா ஒருத்தரும் திட்ட மாட்டாங்க. அந்த ஒரே காரணத்துக்காக ரெண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறது அநியாயம்.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பட்ஜெட்டோட சேர்த்து ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் இடம் காலியா இருக்கு, எத்தனை மாசமா காலியா இருக்குன்னு ஒரு பக்கம் வெளியிடுங்க. வெட்டுறதுன்னா வெட்டுங்க, காசு இல்லைன்னா இல்லைதான். ஆனா வெட்டினது தெரியட்டும். தெரிஞ்சா சட்டமன்றத்துல யாராவது எழுந்து கேட்பாங்க.

அதுவரைக்கும் நீங்களே பார்க்கலாம். நிதித்துறை இணையதளத்துல மானியக் கோரிக்கை எண் 19, மக்கள் நல்வாழ்வுத் துறை. அதுல மூணு வகை எண் இருக்கும். வரப்போற வருஷத்துக்கு மதிப்பீடு, நடப்பு வருஷத்துக்குத் திருத்திய மதிப்பீடு, அதுக்கு முந்தின வருஷம் உண்மையிலேயே செலவான கணக்கு. டிவியில வர்றது முதல் எண் மட்டும்தான். கடைசி எண்ணைப் பாருங்க, அறிவிச்சதுக்கும் செலவழிச்சதுக்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும்.

அந்த அம்மா இப்பவும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை வர்றாங்க. செருப்பை நான் சொல்றதுக்கு முன்னாடியே கழட்டிடுவாங்க. சூளைக்காரர் இப்போ வேற கம்பெனிக்குப் போறார், வாரத்துல நாலு நாள் வேலை இருக்காம்.

காலையில ஏழரைக்கு ஓ.பி. கேள்வி இருந்தா கீழே போடுங்க, நாளைக்கு ராத்திரி உட்கார்ந்து பதில் சொல்றேன்.