மணத்தி கணேசனும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

மூச்சை அடக்கி, சடுகுடு பாடி, எதிரே நிற்கும் ஏழு பேருக்கு நடுவே ஒருவன் தனியாகப் புகுவது லேசான காரியமா? அமெரிக்காவில் 1957 முதல் 1965 வரை, பந்தை மார்போடு அணைத்து, மறிப்பவர்களை முட்டித்தள்ளி ஓடிய ஜிம் பிரவுனை உலகமே மெச்சியது. நமக்குத் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருக்கிறார்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தென் மாவட்டங்களில் சாதிச் சண்டை தலைவிரித்தாடிய காலம்; பக்கத்து ஊர்க் களத்துக்குப் போகவே துணிச்சல் வேண்டும். கபடி ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானதே 1990-இல்தான். 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் கணேசன் இருந்தார். 1995-இல் அர்ஜுனா விருது. 2025-இல் மாரி செல்வராஜ் அவர் வாழ்வைத் தழுவி ‘பைசன்’ படம் எடுத்தார். கொட்டகையில் நம் இளைஞர்கள் விசிலடித்தார்கள். அடிக்கட்டுமே, நாமும்தான் அடித்தோம்!

ஆனால், தோழர்களே, பண்ணைப்புரத்தில் விடியுமுன் ஜீப்பேறி ஏலத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பும் பையன் எப்போது ஆடுவான்? அறுத்த வயலில், நிலா வெளிச்சத்தில். முட்டி பெயர்ந்தால் கூலி போச்சு, வைத்தியத்துக்குக் கடன். “கணேசனைப் போல் வா” என்று மேடையில் முழங்குவோர் அந்தக் கடனைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பேரூராட்சியிடம் நாம் கேட்பது இதுதான்: மண் கொட்டி விளக்குப் போட்ட பொதுக்களம் வேண்டும். எந்தத் தெருப் பிள்ளையும் யாரையும் கேட்காமல் இறங்க வேண்டும். அடிபட்டவனின் வைத்தியச் செலவையும், படுத்திருக்கும் நாட்களின் கூலியையும் சர்க்கார் ஏற்க வேண்டும்.